துணிக்கு ஈடாகப் போனவர்கள்: எஃபுவாவோடு தாமிரபரணியில் நான்கு நாட்கள்

சென்ற மாசி மாதத்தில் நான்கு நாட்கள் என் சொந்த ஆற்றோரமாகவே பயணம் போனேன். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, அங்கேயே ஓய்வும் பெற்றவள் நான். பாபநாசத்துக்கும் புன்னக்காயலுக்கும் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு போனது இதுதான் முதல் தடவை. திறக்க வைத்தவள் கானா நாட்டிலிருந்து வந்த எஃபுவா.

எங்கள் பழக்கம் கடிதத்தில் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பிள்ளைகள் இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆசிரியைகள் நாங்கள் பதினைந்து வருடமாக நிறுத்தவில்லை. அவள் கடற்கரை ஊரொன்றில் வரலாறு கற்பிக்கிறாள். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்றதற்கும் அவர்கள் நாடுகளைப் பிடித்து ஆண்டதற்கும் ஐரோப்பிய நாடுகள் பரிகாரம் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களில் ஒருத்தி. அதற்காகச் சாட்சியங்கள் சேகரிக்கிறாள்.

அவள் இங்கே வந்த காரியம் ஒரு துணி. அவர்கள் குடும்பப் பெட்டியில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பழைய துணி ஒன்று இருக்கிறது. வீட்டில் யாராவது இறந்தால் மட்டும் வெளியே எடுப்பார்களாம். நம் கரையில் நெய்த துணிகளை ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றிப்போய், அவர்கள் கரையில் கொடுத்து, அதற்கு ஈடாக மனிதர்களை வாங்கினார்கள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எந்த ஊர்த் துணி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். பரவாயில்லை. ஒரு தறியையாவது நான் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

வாகைக்குளம் விமான நிலையத்தில் மஞ்சள் தலைத்துணியோடு, எல்லோரையும் விட ஒரு சாண் உயரமாக வெளியே வந்தாள். கார் ஓட்டிய சுடலை பெட்டியை வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார். "எஃபுவான்னா என்ன அர்த்தம்னு கேளுங்க டீச்சர்."

"வெள்ளிக்கிழமை பிறந்த பெண் குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர்" என்றாள்.

"அப்ப நம்ம வெள்ளியம்மா!" என்றார் சுடலை. அந்த நான்கு நாளும் அவளுக்கு அதுதான் பெயர்.

சாலையோரம் பனைமரங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பதநீர் விற்றுக்கொண்டிருந்தவர் ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதைப் புளிக்க வைத்துக் குடிப்போம். இது ஏன் புளிக்கவில்லை?" என்றாள். நான் தமிழில் சொன்னேன். அவர் பயந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "புளிச்சா போலீசு புடிச்சிட்டுப் போயிருவாம்மா." அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் எஃபுவா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் பறந்துபோயின.

மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தேன். கரண்டியை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு வலது கையால் பிசைந்தாள். அவர்கள் ஊரிலும் அரிசியையும் பயற்றையும் சேர்த்து வேகவைத்து, காரமான சாறு ஊற்றிக் கையால்தான் சாப்பிடுவார்களாம். "இதைச் சமைத்தவள் என் அம்மாவுக்குத் தங்கையாக இருக்க வேண்டும்" என்றாள். அவளுக்கு என்னைவிட எட்டு வயதுதான் குறைவு என்பதால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளச் சற்று நேரமானது.

சாயங்காலம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். உயரமான கோபுரத்தையும் பழைய பள்ளிக்கூடங்களையும் காட்டினேன். எங்கள் மிஷனெரிகள் ஏழைகளுக்குப் படிப்புக் கொடுத்ததை, அடிமைமுறைக்கு எதிராக எழுதியதைப் பெருமையாகச் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விடுதலையானவர்களுக்கு நிலம் கொடுத்தார்களா, ஜெபா?"

கொடுத்ததாக நான் படித்ததில்லை.

"பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது இழப்பீடு கொடுத்தது. யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நான் தவறாகச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

இரண்டாம் நாள் விடியற்காலையில் பாபநாசம். மலையிலிருந்து ஆறு கீழே இறங்கும் இடத்தில் எஃபுவா ஒரு பாறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலை என் பக்கம் வந்து, "பைய வரட்டும் டீச்சர், அவசரம் இல்ல" என்று கிசுகிசுத்தார். இந்த மலையில் பிறந்து இந்த மாவட்டத்தையே சோறு தின்ன வைத்து, நூறு மைலைத் தொடாமல் கடலில் போய் முடிந்துவிடுகிற ஆறு. இவ்வளவு சின்ன ஆற்றின் கரையில் நெய்த துணி உலகத்தின் மறுகரையில் ஒரு மனித உயிருக்கு ஈடாகியிருக்கலாம்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. சுடலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஏறினோம். நிற்க இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் மடியிலிருந்த குழந்தையை எஃபுவாவின் கையில் கொடுத்துவிட்டு, கூடையை நகர்த்தி இடம் போட்டாள். குழந்தை எஃபுவாவின் சின்னச் சின்னப் பின்னல்களைப் பிடித்து இழுத்தது.

"முடி நெசமாக்கா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"பாதி நிஜம், பாதி கடையில் வாங்கியது" என்ற பதிலை நான் சொன்னதும், "எங்க அண்ணி தலையும் அப்படித்தான்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

வீரவநல்லூரில் சங்கரலிங்கம் என்ற நெசவாளரின் வீடு. என் பழைய மாணவி ஒருத்தியின் மாமனார். கூடத்தில் இரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எஃபுவா கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்தாள். பெட்டியிலுள்ள துணியின் ஓரத்தில் இற்று விழுந்த துண்டு. சங்கரலிங்கம் தறியை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நகத்தால் இழைகளைப் பிரித்து எண்ணினார்.

"கைநூல். அவுரிச் சாயம். பாவும் ஊடையும் ஒரே கனம். நல்ல நெசவுகாரன்" என்றார். "எங்க ஊர்த் துணின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இத நெஞ்சவனுக்கு இடது கை கொஞ்சம் வேகம். இங்கன பாருங்க, இந்த ஓரம் இறுகியிருக்கு."

நான் அதைச் சொன்னதும் எஃபுவா அந்த ஓரத்தையே பார்த்தாள். அதுவரை அது அவளுக்கு ஒரு கரையிலிருந்து வந்த சரக்கு. அப்போது அது இடது கை வேகமான ஒருவருடைய வேலையாகிவிட்டது.

துணியின் கதையைச் சங்கரலிங்கத்துக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஒரு துணிக்கு ஒரு ஆளையா குடுத்தான்?"

"ஒரு கட்டுத் துணிக்கு" என்றாள் எஃபுவா.

அவர் கையிலிருந்த துண்டைத் தரையில் வைக்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் நின்றார். "நெஞ்சவனுக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா. அவன வியாபாரி முன்பணம் குடுத்துக் கட்டிப்போட்டிருப்பான். இது எங்க போவுதுன்னு யாரு அவன்கிட்ட சொல்லப் போறா?" என்றார். பிறகு தானாகவே, "ஆனா தெரிஞ்சிருந்தா நெய்யாம இருந்திருப்பானான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

எஃபுவா அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வருடமாகச் சேகரித்த சாட்சியங்களில் இவ்வளவு நேர்மையான ஒன்று கிடைத்ததில்லை என்றாள்.

மூன்றாம் நாள், டயரை மாற்றிக்கொண்டு வந்த சுடலையின் காரில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்குப் போனோம். அங்கே எங்களுக்கு ஒரு வீடும், எனக்கும் பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்கும் பொதுவாக ஒரு வயலும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றைப் பார்க்கப் புறப்பட்டோம். கீழத்தெரு முனையில் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சாவு ஊர்வலம்.

"யாரு?" என்று சுடலை கேட்டார்.

"பேச்சிமுத்து. நீர்பாய்ச்சி பேச்சிமுத்து" என்றார் ஒருவர்.

நாற்பது வருடம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் அவர். நடுக்காட்டு மடையில் நிற்கும்போதும் என் அப்பாவின் தலை தெரிந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

எஃபுவா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "எங்கள் ஊரில் சாவு வீட்டைத் தாண்டி யாரும் காரில் போக மாட்டார்கள்" என்றாள். பெண்கள் தெரு முனையில் நின்றுகொண்டார்கள். இங்கே பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பேச்சிமுத்துவின் மகள் முத்துக்கனி தலைமுடி அவிழ்ந்து கிடக்க நின்றாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். எஃபுவா நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யார், எந்த ஊர் என்று முத்துக்கனி கேட்கவே இல்லை.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயல் வந்ததும் பாதை முடிந்தது. அவர்கள் இடது பக்கம் திரும்பி வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு மார்பளவு தண்ணீர். மேளக்காரர்கள் மேளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டதால் கொட்டு நின்றுபோனது. பாடையை எட்டுப் பேர் கைகளை நீட்டி உயரப் பிடித்திருந்தார்கள். தண்ணீருக்கு மேலே தலைகளும் கைகளும் பூ மூடிய பாடையும் மட்டுமே நகர்ந்தன. பக்கத்திலேயே முற்றிய நெல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு கதிரைக்கூட அவர்கள் தொடவில்லை. இவ்வளவு கவனமாக, இவ்வளவு மௌனமாக மனிதர்கள் ஒரு பாரத்தைக் கொண்டுபோனதை நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் பாதி வெட்கம்.

"ஏன் தண்ணீருக்குள் போகிறார்கள்?" என்றாள் எஃபுவா.

பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண் அவள் கை காட்டியதை வைத்தே கேள்வியைப் புரிந்துகொண்டாள். "டீச்சரம்மா வயல்லா அது! மிதிக்கக் கூடாதுல்லா."

நான் எஃபுவாவிடம், "வழி இல்லை என்று சொல்கிறார்" என்றேன்.

முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் செய்த மொழிபெயர்ப்பு அது. எஃபுவா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த அம்மா 'டீச்சர்' என்றாரே?"

அந்த ஒரு சொல்லை மறைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

அந்த இடத்தில் முன்பு இரண்டு வயல்கள் இருந்தன. நடுவே அகலமான வரப்பு. அதன் மேல்தான் கீழத்தெருக்காரர்கள் இடுகாட்டுக்குப் போனார்கள். என் அப்பா இரண்டையும் ஒன்றாக்கி வரப்பை உடைத்தார். "வாய்க்கால் கரை இருக்குல்லா, அதுல போங்க" என்றார். சில வருடங்களுக்கு முன் வந்த பெருவெள்ளத்தில் அந்தக் கரையும் இடிந்தது. அதன் பிறகு பேச்சிமுத்து பாளையங்கோட்டைக்கு என் வீடு தேடி வந்தார். பழைய வரப்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நான் காப்பி கொடுத்தேன். "தம்பிகிட்ட பேசுதேன்" என்றேன். அவர் போனதும் மறந்துபோனேன். ஞாபகம் வந்த நாட்களில், அடுத்த வாரம் பேசலாம் என்று தள்ளினேன். அன்று அவர் உடம்பு அந்தத் தண்ணீர் வழியாகப் போனது.

எஃபுவா திரும்பிப் போய் முத்துக்கனியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே பேசினாள். "நான் உனக்குப் பதினைந்து வருடமாக எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் துணியை வாங்கியது எங்கள் குடும்பம்தான். ஐரோப்பியர்களுக்கு ஆட்களைப் பிடித்துக் கொடுத்த வீடு எங்களுடையது. வடக்கிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறுமியை மட்டும் கப்பலில் ஏற்றாமல் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நான் அவள் வழியில் வந்தவள். என் அம்மா சாகும்போது சொன்னாள். எங்கள் வழக்கத்தில் ஒருவருடைய பூர்வீகத்தை வாய்விட்டுச் சொல்வது பெரிய குற்றம். வீட்டு விழாக்களில் எங்கள் கிளைக்காரர்கள் ஏன் எப்போதும் கடைசியில் உட்காருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை."

"நீங்கள் ஐரோப்பாவிடம் கேட்கும்போது?"

"உங்கள் ஆட்களும்தானே விற்றார்கள் என்கிறார்கள். அதனால் அவர்கள் செய்தது ஒரு துளியும் குறையாது. கப்பலும் அவர்களுடையது, கோட்டையும் அவர்களுடையது, எங்கள் மண்ணை ஆண்டதும் அவர்கள். நான் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் அந்தச் சிறுமிக்கு எங்கள் வீடு இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேடையில் பேசும்போதெல்லாம் அது என் தொண்டையில் நிற்கிறது."

நான் எழுந்து தம்பி ஐசக்கைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரோ ஒரு ஆப்பிரிக்காக்காரி வந்து சொன்னான்னு வயல வெட்டுவியாக்கா?"

"அவ ஒண்ணும் சொல்லல. பேச்சிமுத்து கேட்டு வருசக்கணக்காச்சு. நான்தான் ஒங்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்."

"அப்பா செஞ்சது தப்புங்கியா?"

"ஆமா."

"ஒம் பங்குல என்ன வேணாலும் போட்டுக்கோ. என் பங்குல ஒரு அடி விட மாட்டேன்" என்று வைத்துவிட்டான். அப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை.

நான்காம் நாள் காலையில் கீழத்தெருவுக்கு நடந்தே போனேன். எஃபுவா கூட வந்தாள். பேச்சிமுத்து வீட்டு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை. வழிக்கு இடம் தருகிறேன், பத்திரம் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் முத்துக்கனியைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து வந்தாள். "வழியப் பத்திப் பொறவு பேசுவோம் டீச்சர். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பா ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டாவளா, இல்லையா?"

"கேட்டாவ."

"ஊர்ல பாதிப்பேரு நம்பல. மொதலாளி வீட்டுக்குப் பயந்துட்டாரு, கேக்காமலே கேட்டேன்னு பொய் சொல்லுதாருன்னு பேசினாவ. எங்கப்பா அதக் கேட்டுக்கிட்டே செத்தாவ."

நான் எதிர்பார்த்து வந்தது கோபத்தை. இதை எதிர்பார்க்கவில்லை. அவர் பெயரின் மேல் நான் விழவிட்ட பழி எனக்குத் தெரியவே தெரியாது. கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பேச்சிமுத்து என் வீட்டுக்கு வந்தாவ. என் முன்னால நிமிந்து நின்னு வழி கேட்டாவ. தம்பிகிட்ட பேசுதேன்னு நான்தான் சொன்னேன். பேசல. அவர் பொய் சொல்லல. தப்பு என் மேலயும் எங்கப்பா மேலயும்."

பின் வரிசையில் இருந்த ஒரு மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். முத்துக்கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, "ஏலே, அருவாள எடுங்க" என்றாள்.

வெட்டவேண்டிய அகலத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். பதினைந்து பேர் வரிசையாகக் குனிந்தார்கள். நானும் ஒரு அரிவாளை வாங்கிக்கொண்டு குனிந்தேன். நான் ஒரு பிடி அறுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் பத்துப் பிடி போய்விட்டார். வெயில் ஏறுவதற்குள் பொன் நிற வயலின் நடுவே மண் தெரிந்தது. தெரு முனையிலிருந்து இடுகாட்டு ஆலமரம் வரை நேராக ஒரு வழி. அந்த மரத்தை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அறுத்த கதிர் யாருக்கு என்று பேச்சு வந்தபோது, "கருமாதிச் சோத்துக்கு ஆவட்டும்" என்றார் ஒரு பெரியவர்.

முதலில் யார் நடப்பது என்று கேட்டார்கள். சிலர் வெள்ளியம்மாவைக் காட்டினார்கள். எஃபுவா வேகமாகத் தலையசைத்து மறுத்துவிட்டாள். முத்துக்கனி யாரிடமும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினாள். இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நாங்கள் எல்லோரும் நின்றே பார்த்தோம். அவள் உருவம் சிறுத்து, மரத்தடிக்குப் போய், அப்பாவைப் புதைத்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அன்று மதியம் புன்னக்காயல் போனோம். அங்கே லூர்து என்ற மீனவர் எங்களுக்கு மீன்குழம்பும் சோறும் போட்டுவிட்டு, தன் பைபர் படகில் முகத்துவாரத்துக்கு அழைத்துப்போனார். ஆறு அலையோடு மோதுகிற இடத்தில் படகு தூக்கிப் போட்டது. நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எஃபுவா எழுந்து நின்றாள். கடற்கரைக்காரி.

படகில் இருந்த பெட்டியைத் திறக்க, "லே, சாவி எங்க வச்ச?" என்று லூர்து தன் கூட்டாளியிடம் கேட்டார். எஃபுவா சட்டென்று திரும்பினாள். "அவர் என்ன கேட்டார்?" சாவி என்றேன். "எங்கள் மொழியில் அது சஃபே!" என்றாள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். லூர்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க பழைய ஆளுவ ரொட்டிய பாண்னுதான் சொல்லுவாவ" என்றார். அவர்களுக்கு அது பானோவாம். ஒரே கப்பல்கள் இரண்டு கரையிலும் ஒரே சொற்களை இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன. லூர்து ஒரு சொல், எஃபுவா ஒரு சொல் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நடுவில் மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எஃபுவா சொன்னாள்: பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்தும் ஆட்களை வாங்கி அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். லூர்துக்கு அது புதிது. எனக்கும்தான்.

"நீங்க அந்த நாட்டுக்காரங்ககிட்ட என்னதான் கேக்குதிய?" என்றார் அவர்.

"செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். எடுத்துப்போன பொருட்களையும் எங்கள் முன்னோரின் எலும்புகளையும் திருப்பித் தர வேண்டும். பாழாக்கியதைச் சீர்செய்யப் பங்கு தர வேண்டும். பணம் அதில் ஒன்று. எல்லோரும் பணத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோவார்கள்."

லூர்து என்ஜினை நிறுத்தினார். படகு அலையில் மிதந்தது. "கடலுக்குப் போனவன் திரும்பலன்னா, உடம்பு கிடைக்கலன்னாலும் நாங்க வெறும் பெட்டியக் கல்லறையில வச்சிப் பேரு எழுதுவோம்" என்றார். "அப்பத்தான் வீட்டுக்காரங்களுக்குச் சோறு எறங்கும்."

எஃபுவா வெகுநேரம் மேற்கே திரும்பி, ஆறு வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டாள்.

ஐசக் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வயலைப் பிரிக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தான். வழி முழுவதும் என் பங்கில் வந்தது. பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதிவு முடிந்து வெளியே வந்ததும், "அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாவ?" என்றான். தெரியவில்லை என்றேன். அவனும் வழியைப் போய்ப் பார்த்தான் என்று சுடலை பிறகு சொன்னார்.

வைகாசியில் எஃபுவாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்துவிட்டாள். மூத்த மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாராம். பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப்பேர் பொழுது சாயும் வரை இருந்து ஒரு அறிக்கை எழுதி, ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிடம் கொடுக்கும் கோரிக்கைகளோடு அதையும் சேர்த்து வைக்கப் போகிறார்கள். அதன் நகலை எனக்கு அனுப்பி, தமிழாக்கிக் கீழத்தெருவில் வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். வேலை முடிந்து வந்தவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டே வாசித்தேன்.

"எங்கள் வீடு துணி வாங்கியது. அதற்கு மனிதர்களைக் கொடுத்தது. வடக்கிலிருந்து வந்த ஒரு சிறுமியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அவள் எங்களில் பலருக்குத் தாய். அவள் பிள்ளைகளைக் கடைசியில் உட்கார வைத்தோம். இதை யாரும் சொல்லக் கூடாது என்றும் ஆக்கினோம். இன்று நாங்களே சொல்கிறோம். இனி எங்கள் வீட்டில் கடைசி இடம் என்று ஒன்று கிடையாது."

வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். யாரும் எழவில்லை. முத்துக்கனி முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு மட்டம் வாசிங்க டீச்சர்" என்றாள். "பைய வாசிங்க."

காகிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.